உன் அம்மாவுக்கு எட்டும் நீளம்

தம்பி,

"அம்மா படிச்சாங்களா?" என்று நீ கேட்டு வாரங்கள் ஆகிவிட்டன. நான் பதில் போடவில்லை. நேற்று ஒரு கேள்விக்குறியை மட்டும் தனியாக அனுப்பியிருந்தாய். நீ எழுதியவற்றிலேயே குட்டியானது அதுதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. படித்தாள் என்றோ படிக்கவில்லை என்றோ ஒன்றைச் சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் இங்கே நடந்தது அந்த இரண்டிலும் அடங்காது. அதனால்தான் கிளமெண்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அம்மா மதியம் கண்ணயர்ந்திருக்கும் நேரம் பார்த்து, இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு மட்டும் என்றுதான் தொடங்கினேன். எழுத எழுத, நம் அடுக்குமாடிப் புளோக்கிலேயே வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியையே பார்த்திருக்கும் வீடுகள் நினைவுக்கு வந்தன. அவர்களும் படித்தால் தப்பில்லை என்று தோன்றியது. யார் பெயரும் போடவில்லை, பயப்படாதே.

முதலில் உன் செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் பிழைப்பு உனக்குத் தெரியும். இந்த ஊரில் யார் எதை அறிவித்தாலும் நான்கு மொழியில் ஒட்டவேண்டும். அந்த நான்கில் தமிழை எழுதிக் கொடுத்துத்தான் உன்னை வளர்த்தேன். அதனால் எதைப் படித்தாலும் என் கண் முதலில் வாக்கியத்தைப் பார்க்கும், அப்புறம்தான் விஷயத்துக்குப் போகும். நீ மெல்பர்னிலிருந்து அனுப்பியதையும் அப்படித்தான் படித்தேன். திரையைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்தது. நடுவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "அம்மாவின் உடல்நிலையையும் அப்பாவின் வயதையும் நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்தாலும், இங்கே எனக்கு வேலை நிரந்தரமாகி, சுதாவும் படிப்பை முடித்து இங்கேயே பணியில் சேர்ந்துவிட்ட நிலையில், எங்கள் எதிர்காலத்தைப் பல கோணங்களிலும் யோசித்துப் பார்த்து, இந்நாட்டுக் குடியுரிமை பெறுவதே சரியாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்து, அதற்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டு, அங்கே திரும்பி வந்து உங்களோடு வாழ்வது என்ற பழைய திட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்பதை உங்களிடம் சொல்லவேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்."

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நீளத்தை எங்கேயும் அறுந்துபோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்கு வரும் என்று நினைத்தேன். பெருமை ஆறியபிறகுதான் விஷயம் உறைத்தது. நீயும் மருமகளும் இனி இங்கே வாழ வரப்போவதில்லை. 'இப்போதைக்கு' என்ற சொல்லை எங்கள் மனம் நோகக்கூடாதென்று போட்டிருக்கிறாய். அந்த ஊர்க் குடியுரிமை கைக்கு வந்தால் இந்த ஊர்ச் சிவப்புப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இந்த எழுத்தை நீ யாரிடம் கற்றாய் என்று வெளியே தேடவேண்டியதில்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? ஒருமுறை நம் மின்தூக்கி வாசலில் நான் எழுதிய கொசு ஒழிப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பூச்சட்டித் தட்டில் தொடங்கி, தேங்கிய நீர், மூடாத வாளி, அபராதம், குடியிருப்பாளர்களின் ஒத்துழைப்பு என்று ஊரையே சுற்றி வந்து கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியோடு முடியும். எனக்கு அதில் மெத்தப் பெருமை. தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் கடையிலிருந்து அம்மா அப்போதுதான் வந்திருந்தாள். கையில் மீன் பை. நின்று படித்தாள். மின்தூக்கி வந்து, கதவு திறந்து, மூடி, மேலே போயேவிட்டது. "என்னங்க, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக் கொசு பேரன் பேத்தி எடுத்துடும்" என்றாள். நீ அப்போது சின்னவன். பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

நீ தொடக்கப்பள்ளியில் கடற்கரைக்குப் போனதைப் பற்றி எழுதிய கட்டுரையும் ஞாபகம் இருக்கிறது. 'அலை பெரிதாக இருந்தது. அம்மா பயந்தார். நான் சிரித்தேன். அப்பா தண்ணீரில் இறங்கவில்லை.' இப்படித் துண்டு துண்டாக இருந்ததை நான் உட்கார்ந்து ஒட்டவைத்தேன். அலை பெரிதாக இருந்ததைக் கண்டு அம்மா பயந்தபோது, தண்ணீரில் இறங்காத அப்பாவுக்கு அருகில் நின்று நான் சிரித்தேன் என்று ஆனது. உனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அம்மா இரண்டையும் படித்தாள். "பிள்ளை எழுதுனப்ப எனக்குக் கடல் தெரிஞ்சுது. நீங்க எழுதுனதுல தெரியல" என்றாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நான் நாளிதழை விரித்துக்கொண்டேன்.

நீளம் என்றாலே குற்றம் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். தமிழ் வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுவரை வந்ததையெல்லாம் படிப்பவர் கையில் ஏந்திக்கொண்டே நடக்கவேண்டும், சந்தைக்குப் பை கொண்டுபோகாதவர் காய் வாங்கியது மாதிரி. கை காலியாக இருக்கிறவருக்கு அது ஒரு சுகம். வேலை முடிந்து பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவருக்கும், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகச் சுவரைப் படிக்கிறவளுக்கும் ஏற்கெனவே கை நிறைந்திருக்கிறது. ஒன்றை வைத்தால் இன்னொன்று விழும். இது எனக்குத் தெரியாததல்ல. வேலையில் சேர்ந்த புதிதிலேயே தெரியும். யாருக்காக எழுதுகிறோமோ அவரை மறந்துவிட்டு, எழுதியதைப் பார்த்து நானே மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ ஓடி வந்தாய். கட்டிலருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். விடுப்பு முடிந்து கிளம்பினாய். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பது உனக்குத் திரையில் தெரிகிற அளவுதான். அவள் புத்தி மங்கவில்லை, தம்பி. அதை முதலில் நம்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வு எழுதப் போகிறது என்றால் வழியனுப்ப வாசலுக்கு வந்து நிற்கிறாள். நான் உப்புக் கூடப் போட்டால் முறைக்கிறாள். சொல்தான் உள்ளேயும் வெளியேயும் போகமுடியாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. சின்னதாகச் சொன்னால் உள்ளே போகிறது. நீளமாகச் சொன்னால் தொடக்கம் நழுவிவிடுகிறது, முகம் கலங்கிப்போகிறது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு மலாய்க்காரி. பொறுமைசாலி. அவள் ஆங்கிலத்தில் கேட்பதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். என் தொழிலே அதுதானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பசிக்கிறதா என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்து, காலையில் சாப்பிட்டது போதாமல் உனக்கு இப்போது ஏதாவது சாப்பிடவேண்டும் போல் இருக்கிறதா என்று இவர் கேட்கிறார் என்றேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், நான் கேட்டது கொஞ்சம்தான் லா. நீங்க ஏன் இவ்வளவு சொன்னீங்க?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பிறகு அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான். சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். நிறுத்திவிட்டுப் பொறுத்திருக்கவேண்டும். அந்தப் பொறுத்திருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இப்போது பழகிவிட்டேன். மழை வருது. ஜன்னலைச் சாத்துறேன். காப்பி வேணுமா. இந்த வீட்டில் இப்போது இப்படித்தான் பேச்சு.

உன் செய்தி வந்தபோது அதை அப்படியே அவளிடம் கொடுக்கமுடியாது என்று தெரிந்தது. அவள் தமிழில் படிக்கவேண்டும் என்றுதானே நீ தமிழில் எழுதினாய். ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில், துண்டு துண்டாக எழுதினேன். நான் நலம். சுதா நலம். எனக்கு வேலை நிரந்தரம். சுதாவுக்கும் வேலை கிடைத்தது. இதுவரை கை தடையில்லாமல் ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. நீளமான வாக்கியத்தை வெட்டும்போது முதலில் கீழே விழுவது 'கனத்தாலும்', 'நிலையில்', 'என்பதை' போன்ற சொற்கள்தான். உன் வருத்தம் முழுவதும் அவற்றில்தான் இருந்தது. அவை போனபிறகு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. 'நான் திரும்பி வரமாட்டேன்.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கே ஒரு வாதம் சொல்லிக்கொண்டேன். சொன்னது அதைத்தான் என்றும் தெரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மற்றதை மட்டும் அவளிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வேலை நிரந்தரம் என்றதும் சிரித்தாள். முடிந்தது என்று தாளை மடித்தபோது, வலது கை எழாது என்பதால் இடது கையை நீட்டிக் கைத்தொலைபேசியைக் கேட்டாள். கொடுத்தேன். உன் செய்தியை விரலால் மெல்லத் தள்ளினாள். படிக்கவில்லை. கண் எழுத்தில் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டே போனாள். அடி வந்து சேர்ந்ததும் மறுபடியும் மேலே போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.

"நீளம்" என்றாள். நான் பொறுத்திருந்தேன். "வரல."

எனக்கு முதலில் புரியவில்லை. நீளமாக இருப்பதால் படிக்க வரவில்லை என்கிறாளோ என்று நினைத்து, அதனால்தானே நான் படித்துக் காட்டினேன் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். உன் பழைய செய்திகளைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். 'வெள்ளிக்கிழமை வர்றேன்மா.' 'டிக்கெட் போட்டாச்சு.' 'சாங்கி ஏர்போர்ட்ல இறங்கிட்டேன்.' நீ வந்தபோதெல்லாம் ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். மறுபடி அந்த நீளமான செய்தியைக் காட்டினாள். பிறகு வாசல் கதவைக் காட்டி, கையை இல்லை என்று அசைத்தாள்.

அப்போதுதான் எனக்கு அவள் அப்பா இறந்தபோது வந்த அழைப்பு ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது நினைவு தெரிந்திருக்காது. ஊரிலிருந்து உன் மாமா கூப்பிட்டார். வெளிநாட்டு அழைப்புக்குக் காசு கரையும் என்று எப்போதும் நலமா, நலம், வைக்கிறேன் என்று முடிப்பவர் அவர். அன்றைக்கு மழையைப் பற்றிச் சொன்னார், கன்று போட்ட மாட்டைப் பற்றிச் சொன்னார், யார் வீட்டுக் கல்யாணத்தையோ சொன்னார், அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது என்றார். துக்கத்தை நேராகச் சொல்லக்கூடாது என்பது நம்மவர் வழக்கம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்ப எடுக்குறீங்க அண்ணே?" என்றாள். அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுக்கும் நேரத்தைத்தான் கேட்டாள். அந்தப் பக்கத்தில் உன் மாமா வாய்விட்டு அழுதது எனக்கே கேட்டது.

இத்தனை தெரிந்தும் நான் சும்மா இருந்தேனா? அப்படி இல்லை, அவன் என்ன சொல்கிறான் என்றால், இப்போதைக்குத்தான், நிலைமை கொஞ்சம் சீரானதும் என்று உன்னைப் போலவே இழுக்கத் தொடங்கினேன். அவள் அந்த இடது கையை எடுத்து என் வாயின் மேல் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். பக்கவாதம் வந்த நாளிலும் நாங்கள் இப்படி அழவில்லை. ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். அம்மா படிக்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் உன்னிடமிருந்து மறைத்திருக்கிறேன். அம்மாவை மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. சின்ன அடைப்புதான், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் முன்போலத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு எட்டும் நீளம் குறைந்துவிட்டது. முன்பு, காய் வாங்கிட்டுச் சீக்கிரம் வர்றேன் என்றால் புரியும். இப்போது, கடைக்குப் போறேன் என்று மட்டும் சொன்னால்தான் புரிகிறது. இது இன்னும் குறையக்கூடும் என்று டாக்டர் சொன்னார். எப்போது, எவ்வளவு என்று அவரால் சொல்லமுடியவில்லை. உனக்குச் சொல்லியிருந்தால் நீ பதறிப்போய் இதைவிட நீளமாக ஒன்று எழுதியிருப்பாய். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. மறைத்தது சரியா என்று இப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ திரையில் வருகிறாய். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலைவாரி, பொட்டு வைத்துத் தயாராக்குகிறேன். நீ அன்போடுதான் பேசுகிறாய், அதில் குறை சொல்லமாட்டேன். மருந்து, பயிற்சி, தூக்கம், அங்கே குளிர், சுதா செய்த பொங்கல் என்று மூச்சு விடாமல் பேசுகிறாய். அம்மா வாயைத் திறப்பாள். சொல் வர நேரமாகும். அந்த மௌனத்தை உன்னால் தாங்கமுடிவதில்லை, உடனே அடுத்ததைப் பேசி நிரப்புகிறாய். அவள் திறந்த வாயை மூடிக்கொள்கிறாள். களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்து, "ரெஸ்ட் எடுங்கம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் உனக்காக ஒரு வாக்கியம் பழகிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பயிற்சிப் பெண் அவளிடம், யாரிடமாவது சொல்ல ஆசைப்படும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையே பழகலாம் என்றாள். அம்மா சுவரில் இருக்கும் உன் படத்தைக் காட்டினாள். நானே முந்திக்கொண்டு, 'வந்துடு தம்பி' என்று எழுதிக் காட்டினேன். தாளைத் தள்ளிவிட்டாள். அவள் வேண்டியது வேறு. ஒவ்வொரு சொல்லாகக் காட்டிக் காட்டி, வேண்டாததைத் தள்ளி, அவள் முடிவு செய்த வாக்கியம் இது. "அங்கேயே நல்லா இரு." அவ்வளவுதான். 'அங்கேயே' என்ற சொல்தான் அவளைப் படாத பாடு படுத்துகிறது. பாதியில் சிக்கிக்கொள்ளும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நீ எந்தச் சொல்லைச் சொல்லப் பயந்து அவ்வளவு தூரம் சுற்றி வந்தாயோ, அதற்கான அனுமதியைத்தான் அவள் உனக்காகப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் சொல்கிறபடி செய். அம்மா என்று கூப்பிடு. நான் அங்க வரலம்மா என்று சொல். காரணம் எதுவும் சேர்க்காதே. சொல்லிவிட்டு நிறுத்து. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இரு. எவ்வளவு நேரமானாலும் இரு. உனக்கு அழுகை வந்தால் அழு, ஆனால் பேசாதே. அவள் அதைச் சொல்லி முடித்ததும், சரிம்மா என்று சொல். மன்னிப்பு, நன்றி என்று எதையும் அதன் மேல் ஏற்றாதே. அந்த ஒரு சொல் அவளுக்கு எட்டும்.

எனக்கு அவளைப் போல அவ்வளவு பெரிய மனசு இல்லை. நான் எதையும் பழகவேண்டியதும் இல்லை. அவள் தள்ளிவிட்ட தாள் என்னிடம்தான் இருக்கிறது. வந்துவிடு, தம்பி.

அப்பா